குறித்த நூலும் பதினைந்தடி பேனரும்

பிள்ளைகளின் பிஞ்சு மனதைப் பாதுகாப்பது தொடர்பான சுற்றுநிருபம் எங்கள் பாடசாலைக்கு வந்ததும், அதிபர் ராஜலிங்கம் சேர் செய்த முதல் வேலை, எல்லோரும் பார்க்கும்படி அதை வாசலில் ஒட்டியது. இரண்டாவது வேலை, அதைப் பிள்ளைகள் வாசிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. பிஞ்சு மனதுக்கு என்னென்ன ஆகாது என்று அதில் விலாவாரியாக எழுதியிருந்தார்கள். அதனால் ஒரு மாணவத் தலைவனைப் பக்கத்தில் காவலுக்கு நிறுத்தினார். அவன் பொழுது போகாமல் அதை முழுதாக வாசித்துவிட்டான்.

பாடசாலை தோறும் ஒரு 'நூல் தூய்மைக் குழு' அமைய வேண்டும் என்பது அந்தச் சுற்றுநிருபத்தின் சாரம். அதில் அதிபர், ஓர் ஆசிரியர், ஊர்ப் பெரியவர் ஒருவர், பெற்றோர் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரியும் வருவார். பெற்றோர் பிரதிநிதி நான்தான். தேர்தல் எல்லாம் இல்லை. விளையாட்டுப் போட்டிக்கு பேனர் கட்ட ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். அதிபர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "கணேஸ், நீங்க எப்படியும் இங்கதான நிக்கிறீங்க, உங்களையே போட்டுர்றேன்" என்றார். ஏணியில் நிற்கிறவன் என்னத்தை மறுக்க?

கம்பளை ஸ்டேஷன் ரோட்டில் பேனர் அடிக்கிற கடை என்னுடையது. மரண அறிவித்தல், தேர்த் திருவிழா, டியூஷன் மாஸ்டர்மாரின் முகம் எல்லாம் அடிப்போம். சும்மா சொல்லக்கூடாது, அதெல்லாம் சில்லறை வேலை. வீட்டில் அடுப்பு எரிகிறது சடங்கு பேனரால்தான். ஒரு பெண்பிள்ளை பெரிய மனுஷியானால், அந்தச் செய்தி தாய்மாமனுக்குப் போக முன்னம் என் கடைக்கு வந்துவிடும்.

இப்போதைய சடங்குகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு நாலு தட்டு, ரெண்டு மாமி, ஒரு குடம் தண்ணீரோடு முடிந்த காரியம். இப்போது பேராதெனியப் பூங்காவில் வைத்து முன்கூட்டியே ஒரு படப்பிடிப்பு நடக்கிறது. பிள்ளை புல்லில் ஓடவேண்டும், திரும்பிப் பார்க்கவேண்டும், வெட்கப்படவேண்டும். வெட்கம் சரியாக வராவிட்டால் கமராக்காரர் ஓடியே காட்டுவார், வெட்கப்பட்டும் காட்டுவார். விழாவன்று பல்லக்கு, புகை மெஷின், தலைக்கு மேலே வண்டு மாதிரி இரைந்துகொண்டு ஒரு ட்ரோன். ஐந்து தடவை உடுப்பு மாற்றவேண்டும். நாலே தடவை மாற்றிய குடும்பத்தைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள்.

இதில் என் பங்கு பேனர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பிள்ளையின் முகம் ஒரு ஆள் உயரத்தில், பின்னால் பனி மலையும் அன்னப்பறவையும், மேலே தங்க எழுத்தில் 'பூப்புனித நீராட்டு விழா'. நுவரெலியா பஸ் அதைத் தாண்டாமல் போக முடியாது.

இனி என் மகள். பெயர் அஷ்வினி. ஏழாம் ஆண்டு படிக்கிறாள். எதையும் முறையாகச் செய்கிற பிள்ளை. வடையைக்கூட ஓரத்தைச் சாப்பிட்டுத்தான் நடுவுக்கு வருவாள். நூலகத்துக்குப் பொறுப்பான ஜெஸ்மின் டீச்சர், பிள்ளைகள் வளர்வதைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை அவளுக்குக் கொடுத்திருந்தார். அவள் அதை ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் என்று வைத்து வைத்து வாசித்தாள். நானும் கண்டேன். கண்டு நிம்மதியடைந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். எனக்கும் என் மனைவி கலாராணிக்கும் பேச வாய் வராத ஒரு விஷயத்தை இந்தப் புத்தகம் பேசிவிடும், நம் பாடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒருநாள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

"அப்பா, புத்தகத்தை அதிபர் சேர் வாங்கிட்டாரு. கூட்டத்துக்கு வேணுமாம். பதிமூணாம் பக்கம் வரைக்கும்தான் படிச்சேன்."

"பரவால்ல, வேற புத்தகம் படி."

"இல்லப்பா, அந்தப் பக்கத்துக் கடைசியில, 'இந்த வயதில் உங்கள் உடலில் சில மாற்றங்கள் ஏற்படும், பயப்பட வேண்டாம், அவை என்னவென்றால்' அப்படின்னு நிக்குது. அதுக்கப்புறம் என்ன வரும்?"

"அதுக்கப்புறம் படம்."

"பயப்பட வேண்டாம்னு போட்டிருக்கே. எதுக்குப் பயப்பட வேண்டாம்?"

நான் கடைக்கு வேலை இருக்கிறதென்று எழும்பினேன். கடையை அப்போதுதான் பூட்டிவிட்டு வந்திருந்தேன்.

குழுவின் முதலாவது கூட்டம் அதிபரின் அறையில் கூடியது. மேலிடத்துப் பிரதிநிதியாக வந்தவர் திரு. வலன்ரைன். அவருடைய பதவி 'பண்பாட்டு ஒழுங்கு இணைப்பாளர்'. வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர். கதிரையில் உட்காரும் முன் கைலேஞ்சியால் துடைத்தார், எழும்பிய பிறகும் துடைத்தார். ஊர்ப் பெரியவராக லூர்து ஐயா வந்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கடிதங்களைத் திறந்து பார்க்காமலே கொடுத்தவர் என்பதால், புத்தகத் தடைக்கு இவரை விடப் பொருத்தமான ஆள் இல்லை என்று அதிபர் கருதினார்.

மேசை நடுவில் புத்தகம் இருந்தது. மேலே ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடியிருந்தார்கள்.

"வாசிக்காமலே தடை செய்யலாமா?" என்று கேட்டார் லூர்து ஐயா.

"வாசிக்கத்தான் வேணும் ஐயா. ஆனா வாசிக்கேக்க விளங்கிக்கொள்ளக் கூடாது. விளங்கினா நாங்களும் பாதிக்கப்பட்டிடுவம்" என்றார் வலன்ரைன் சேர்.

"அப்ப ஒருத்தர் சத்தமா வாசிச்சா எல்லாருக்கும் ஒரே வேலையா முடிஞ்சிரும்."

"அது சரிவராது. லேடீஸ் இருக்கினம்."

இருந்த லேடீஸ், குழுவின் ஆசிரியர் உறுப்பினரான ஜெஸ்மின் டீச்சர் ஒருவர்தான். அவர், "நான் அதை மூணு தரம் வாசிச்சிட்டேன் சேர். பிள்ளைங்களோடயும் சேர்ந்து வாசிச்சிருக்கேன்" என்றார்.

வலன்ரைன் சேர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அப்பிடியெண்டா டீச்சர், நீங்கள் ஏற்கனவே பாதிக்கப்பட்டவர். உங்கட கருத்தை எடுக்கேலாது."

பதினான்காம் பக்கம் கைமாறி வந்தது. ஒவ்வொருவரும் முகத்தை இறுக்கிக்கொண்டு, பரீட்சைத் தாளை வாங்கிய மாதிரி வாசித்தார்கள். லூர்து ஐயா கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால் என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். நீண்ட நேரம் பார்த்தார். பக்கத்தைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தார்.

"இது மாட்டுத் தலைதானே. கொம்பு ரெண்டும் தெரியுது. இதுல என்ன பிழை?"

"ஐயா, அது மாடு இல்ல" என்றார் அதிபர்.

"அப்ப என்ன?"

அதிபர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். வாயைத் திறந்த ஜெஸ்மின் டீச்சரை வலன்ரைன் சேர் கையால் தடுத்தார். பிறகு கூட்டக் குறிப்பில் இப்படி எழுதப்பட்டது: 'படத்தில் காணப்படுவது மாடு அல்ல என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

புத்தகத்தின் பெயரை எழுதினாலே யாராவது தேடி வாங்கிவிடுவார்கள் என்பதால், அதைக் 'குறித்த நூல்' என்றே எழுதுவதாக முடிவாயிற்று. அதே நியாயப்படி பதினான்காம் பக்கம் 'குறித்த பக்கம்' ஆயிற்று. அதில் வரும் சொல் 'குறித்த சொல்' ஆயிற்று. நானும் இந்தக் காரணத்தால்தான் உங்களுக்குப் பெயரைச் சொல்லாமல் இருக்கிறேன். குழு உறுப்பினர் என்றால் ஒரு கட்டுப்பாடு இருக்கிறதல்லவா.

வேலையைத் தொடங்கிவிட்டால் எங்கள் ஆட்கள் அரைகுறையாக விடமாட்டார்கள். நூலக அலுமாரி முழுவதும் சோதிக்கப்பட்டது. மிளகுச் செய்கை பற்றிய கைநூலில் ஆண் பூ, பெண் பூ என்று பச்சையாக எழுதியிருந்ததால் அது நீக்கப்பட்டது. பால் மாடு வளர்ப்பு நூலை லூர்து ஐயா தாமே எடுத்து வைத்தார். இப்போது அவருக்கு எந்த மாட்டுப் படத்தைப் பார்த்தாலும் சந்தேகம். அகராதியில் எல்லாச் சொல்லும் இருந்தபடியால் அதுவும் போயிற்று. விஞ்ஞானப் பாடநூலில் கை வைக்க முடியாது, அது அரசாங்கம் கொடுத்தது. ஆகவே உரிய பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடிப்பதாகத் தீர்மானித்தார்கள். எந்தப் பக்கங்களுக்கு அடிப்பது என்று பிள்ளைகளுக்கே அறிவித்து, அவர்களைக் கொண்டே அடிப்பித்தார்கள்.

அப்போதுதான் ஜெஸ்மின் டீச்சர் கேட்டார். "எல்லாம் சரி சேர். இதையெல்லாம் பிள்ளைங்களுக்கு யாரு சொல்றது?"

"வீட்டுல சொல்லுவாங்க. அது பெத்தவங்க கடமை" என்றார் அதிபர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன். 'வீட்டில் யாரும் சொல்வதில்லை சேர், பாடசாலையில் சொல்லுவீர்கள் என்றுதான் நாங்கள் சும்மா இருக்கிறோம்' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருப்பேன். அதற்குள் அதிபர் மேசை லாச்சியைத் திறந்து, ஆளுக்கொரு அழைப்பிதழை நீட்டினார்.

"வாற சனிக்கிழமை நம்ம சின்ன மகளுக்கு. எல்லாரும் குடும்பத்தோட வரணும். கணேஸ்தான் பேனர். பதினைஞ்சடி."

ஜெஸ்மின் டீச்சர் அழைப்பிதழைப் பிரித்துப் பார்த்தார். "சேர், நீங்க தடை பண்ணின குறித்த சொல் இதுல தங்க எழுத்துல இருக்கு."

அதிபர் திடுக்கிட்டு வலன்ரைன் சேரைப் பார்த்தார். வலன்ரைன் சேர் நிதானமாக அழைப்பிதழைத் தூக்கிப் பிடித்தார்.

"டீச்சர், இது விழா. அது தகவல். விழா வேற, தகவல் வேற. விழாவில பிள்ளை கெட்டுப்போறதில்லை. தகவலிலதான் கெட்டுப்போகும்."

அந்த விளக்கத்தில் எல்லோருக்கும் மனம் லேசானது. அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தவன் நான் என்பதால் எனக்கு இன்னும் கொஞ்சம் லேசானது. தடைக்கு ஆதரவானவர்கள் கை உயர்த்துமாறு கேட்டார்கள். என் கை மேலே போவதை நானும் மற்றவர்களைப் போலவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கலாராணியிடம், "நீயாவது புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவையேன்" என்றேன்.

"எந்த வார்த்தை?"

"அதான், அது."

"எனக்கு மட்டும் யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லல. நான் நல்லாத்தான இருக்கேன்."

"உனக்கு அப்ப பயமா இல்லையா?"

அவள் அரிசி களைவதை நிறுத்தினாள். "வாழைத்தோட்டத்துல போயி ஒளிஞ்சு உக்காந்திருந்தேன். இருட்டின பிறகுதான் தேடிப் பிடிச்சாங்க." களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, "அந்தப் புத்தகம் சொல்லிரும்னுதான் நானும் நிம்மதியா இருந்தேன். அதையும் கையத் தூக்கித் தடுத்துட்டு வந்து என்னைச் சொல்லச் சொல்றீங்க" என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த ஆத்திரம். கடைசியில் ரெண்டு பேரும் பேசி, பள்ளி விடுமுறை வரட்டும், ஆறுதலாகச் சொல்லலாம் என்று முடிவெடுத்தோம். பிள்ளையின் உடம்பு எங்கள் விடுமுறைக்காகக் காத்திருக்கும் என்று நினைத்த எங்களுக்கு, குழுவில் இருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்க என்ன தகுதி இருக்கிறது?

விடுமுறைக்கு முன்பே ஜெஸ்மின் டீச்சரிடமிருந்து போன் வந்தது. குரலைத் தணித்துப் பேசினார்.

"கணேஸ் சேர், கொஞ்சம் ஸ்கூலுக்கு வாங்க. அஷ்வினி."

"ஏன் டீச்சர், விழுந்துட்டாளா?"

"இல்ல சேர். நான் ஒஃபிஸ் போன்ல பேசுறேன், பக்கத்துல அதிபர் சேர் நிக்கிறாரு. வாய்மொழியாவும் சொல்லக்கூடாதுன்னு புதுசா ஒரு சுற்றுநிருபம் வந்திருக்கு. உங்களுக்கு விளங்கும். பக்கம் பதினாலு."

ஆட்டோ பிடித்துப் போனேன். பெண்பிள்ளைகளின் டொய்லெட் வாசலில் ஜெஸ்மின் டீச்சர் நின்றார். உள்ளே தாழ்ப்பாள். ரெண்டு பாட நேரமாக அவள் வெளியே வரவில்லையாம். விஷயம் தெரிந்ததும் டீச்சர், பிள்ளையிடம் பேச அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறார். அதிபர் வலன்ரைன் சேருக்குப் போன் எடுத்திருக்கிறார். வலன்ரைன் சேர், கோரிக்கையை எழுத்தில் அனுப்பினால் ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"அதுவரைக்கும் நிக்க முடியுமா சேர்? நான் கதவுக்கு வெளியில நின்னே எல்லாம் சொல்லிட்டேன். என் மேல என்ன நடவடிக்கை எடுத்தாலும் எடுக்கட்டும்" என்றார் டீச்சர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

அவளுடைய சிநேகிதி ஆஸிகா ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் கையில் அஷ்வினியின் வர்ணப் பெட்டி. குடையும் அவளிடம்தான் இருந்தது.

"என்னம்மா, ஏன் இதெல்லாம் உங்கிட்ட?"

"அவதான் தந்தா அங்கிள். காலையிலேயே தந்துட்டா. இனிமே அவளுக்குத் தேவைப்படாதுன்னு சொன்னா. வாப்பா, உம்மாகிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினா."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தான் சாகப்போகிறோம் என்று நினைத்து, யாரையும் கரைச்சல்படுத்தாமல், தன் சாமான்களை முறையாகப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறாள்.

ஆட்டோ பாலத்தில் ஏறிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். கீழே மகாவலி கலங்கலாக ஓடியது.

"அப்பா, நான் சாகமாட்டேனாம். டீச்சர் சொன்னாங்க."

"மாட்டம்மா. இது எல்லாப் பொம்பளப் புள்ளைக்கும் வர்றதுதான்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ம்."

"அம்மாவுக்கு?"

"தெரியும்."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆட்டோக்காரரிடம் தேவையில்லாமல், அண்ணே இடது பக்கம் திருப்புங்க என்றேன். அந்தப் பாலத்தில் இடது பக்கம் ஆறுதான் இருக்கிறது.

இதற்கெல்லாம் பரிகாரமாக ஒரு நல்ல தகப்பன் என்ன செய்வானோ அதை நான் செய்தேன். பேனர் அடித்தேன். அதிபருக்குப் பதினைந்தடி என்றால் பேனர்க்காரன் மகளுக்கு இருபதடி. அஷ்வினி கடைக்கு வந்து கணினியில் தன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, என் கிளாஸ் பையங்க எல்லாம் அந்த பஸ் ஸ்டாண்டுலதான் நிப்பாங்க. சின்னதா அடிக்கலாமா? இல்லாட்டி வேணாமே."

"சின்னதா அடிச்சா ஆளுங்க என்ன நினைப்பாங்க?"

விழாவன்று மண்டபம் நிறைந்தது. புகை மெஷின் புகை விட்டது. ட்ரோன் பாலம்மா சித்தியின் கொண்டையைத் தட்டிவிட்டுப் போனது. ஐந்து உடுப்பும் மாற்றியாகிவிட்டது. பிரதம விருந்தினர் வலன்ரைன் சேர், பெண்மையின் மகத்துவத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். குறித்த சொல்லை அவர் அன்று எத்தனை தரம் சொன்னார் என்று கணக்கில்லை, அதுவும் மைக்கில். அதிபர் எழும்பி, நாணமே நம் பெண்களின் நகை என்றார். அவர் தலைக்கு மேலே பெரிய திரையில் என் மகளின் முகம் சுற்றிச் சுற்றி வந்தது.

அறிவிப்பாளர் உற்சாகத்தில் மைக்கை அஷ்வினியிடம் நீட்டினார். "விழா நாயகி நமக்காக இரண்டு வார்த்தை."

அவள் மைக்கை வாங்கினாள். முறையாகப் பேசினாள். "எல்லாருக்கும் வணக்கம். இங்க வந்திருக்கிற எல்லாருக்கும் இது முன்னாடியே தெரியும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நான் டொய்லெட்டுக்குள்ள இருந்தப்ப, செத்துப்போகப் போறேன்னு நினைச்சேன். உங்கள்ல ஒருத்தர் எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன். நன்றி."

கலாராணி முகத்தைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசையில் ஜெஸ்மின் டீச்சர் எழும்பி நின்றார். எனக்கு மேடையிலேயே பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். பலத்த கைதட்டு. பிள்ளை தடுமாறாமல் பேசினாள் என்பதற்காக. பாட்டுப் போடுகிறவர் பாட்டைப் போட்டார். ஆட்கள் பந்திக்கு எழும்பினார்கள். வலன்ரைன் சேர் என் தோளைத் தட்டி, "பிள்ளைக்கு நல்ல மேடைப் பழக்கம்" என்றார்.

அடுத்த கூட்டத்தில் குழு இந்தச் சம்பவத்தைப் பாரதூரமாக ஆராய்ந்தது. இனிமேல் இப்படியான விழாக்களில் பிள்ளைகளின் கையில் மைக் கொடுக்கக்கூடாது என்று ஒரு பரிந்துரை மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது. ஜெஸ்மின் டீச்சர் கூட்டத்துக்கு வரவில்லை. அவரை ஏழு மைல் தள்ளி, நூலகமே இல்லாத ஒரு பாடசாலைக்கு மாற்றியிருந்தார்கள்.

போன கிழமை ஒரு மாலை, வலன்ரைன் சேர் என் கடைக்கு வந்தார். அஷ்வினி உள்ளே வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவர் கதிரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"கணேஸ், ஒரு பேனர் சொல்லி வைக்கவேணும். என்ர மகளுக்கு."

"வாழ்த்துக்கள் சேர். எப்ப?"

"இன்னும் இல்லை. அவளுக்கு இப்ப பத்து வயசுதானே. ஆனா கண்டியில நல்ல ஹோல் எல்லாம் ரெண்டு வருஷத்துக்கு முதலே புக் ஆகுதாம். பல்லேகலப் பக்கம் ஒண்டு பேசி வைச்சிட்டன். ட்ரோனும் சொல்லியாச்சு. நீங்கள் திகதியை மட்டும் விட்டிட்டு டிசைனை முடிச்சு வையுங்கோ."

உள்ளே பென்சில் சத்தம் நின்றது. அஷ்வினி எழும்பி வாசலுக்கு வந்தாள்.

"அங்கிள், அந்தத் தங்கச்சிக்குச் சொல்லிட்டீங்களா?"

வலன்ரைன் சேர் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "சின்னப் பிள்ளை அம்மா அது. அதுக்கு ஏன் இப்ப உதெல்லாம்?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றாள். நான் ஓடர் எழுதும் கொப்பியைத் திறந்தேன்.

"எத்தனை அடி போடுவோம் சேர்?" என்று கேட்டேன்.